வாசலில் ஸலாம் சொல்லாத விருந்தாளி



இணையம் வீட்டுக்குள் வந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர்களின் பேச்சு இரண்டில் ஒரு வழியில்தான் போகிறது. பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்ற புலம்பல் ஒன்று. உலகமே உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்ற வியப்பு மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் டெல்டாவிலும் கடலோரத்திலும் உள்ள நம் ஊர்களுக்கு அது வேறொரு கோலத்திலும் வந்தது. நம் தெருக்களில் எத்தனையோ வீடுகளின் தலைவர் இருப்பது ரியாதிலோ தமாமிலோ துபாயிலோ குவைத்திலோதான். அந்த வீடுகளுக்குள் இணையம் பொழுதுபோக்காக நுழையவில்லை. கணவனின் குரலாக, அத்தாவின் முகமாக நுழைந்தது. ஆகவே அதை வாசலில் நிறுத்தி, யார் நீ, எந்நேரத்தில் வருகிறாய் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சபுராளி என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் அறிவார்களோ என்னவோ. நம் முன்னோர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஸபர் போன நாளிலிருந்து வழங்கிவரும் சொல் அது. சபுராளியின் வீட்டுக்குத் தபால்தான் வரும். தமிழ் எழுத்தைக் கற்காத பெண்கள், குர்ஆன் ஓதக் கற்ற அரபு எழுத்தையே கொண்டு அரபுத்தமிழில் கணவருக்குக் கடிதம் எழுதினார்கள். மேலே 786 என்று போட்டு (அது சரியா தவறா என்ற விவாதத்தை இங்கே எடுக்க வேண்டாம்), ஸலாம் எழுதி, எல்லாருடைய நலமும் விசாரித்த பிறகே கடிதம் விஷயத்துக்கு வரும். பிறகு ஊருக்குப் பயணம் வந்தவர்கள் கையில் ஒலிநாடா கொடுத்தனுப்பும் காலம் வந்தது. அதன்பின் தொலைபேசிப் பூத். ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய பேச்சு. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது என்றாலும், நம் அடுக்களை வரை அது வந்து சேர்ந்தது கைப்பேசி வழியாகத்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, மீட்டர் என்ற அந்த ஒரு கட்டுப்பாடும் போய்விட்டது.

பேச்சுக்கு விலை இருந்தவரை பேச்சுக்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. பூத்துக்குப் போவதற்கு முன் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போவார்கள். இன்று ஒரு நாளைக்கு நான்கு முறை அழைப்பு வருகிறது. என்ன சமைத்தாய், யார் வந்தார்கள், ஏன் இன்னும் தூங்கவில்லை என்ற கேள்விகள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வந்த அத்தாவைக் கண்டு, யாரோ அந்நியர் என்று அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். இன்றைய பிள்ளைகள் அப்படி ஒளிவதில்லை. விமான நிலையத்திலேயே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே இணையத்துக்கு நன்றி சொல்லலாம்.

நம் மக்தபில் ஓதும் ஒரு சிறுமியின் தகப்பனார் தமாமில் லாரி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று மகளைத் திரையின் முன் உட்காரவைத்து, அந்த வாரம் நாம் கொடுத்த பாடத்தைக் கேட்பார். எழுத்துகளை உச்சரிக்கும் இடம் பிசகினால் அங்கிருந்தே திருத்துவார். தமக்கே சந்தேகம் வந்தால் சனிக்கிழமை நமக்குக் குரல் செய்தி அனுப்பிக் கேட்பார். உள்ளூரிலேயே இருந்துகொண்டு பிள்ளை எந்த ஸூராவில் இருக்கிறது என்று அறியாத தகப்பனார்களும் உண்டு. தூரம் எது, அருகு எது என்று நம்மைப் பலமுறை யோசிக்க வைத்தவர் அவர்.

ஆனால் வீடு என்பதற்கு மார்க்கம் சில ஒழுங்குகளை வைத்திருக்கிறது. ஸூரா அன்னூரின் 27, 28 ஆம் வசனங்களைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போதெல்லாம் அண்மைக்காலமாக நமக்கு ஒரு தயக்கம் வருகிறது. பிறர் வீட்டில் நுழைவதற்கு முன் அனுமதி பெறவும் ஸலாம் சொல்லவும் அவை கட்டளையிடுகின்றன. திரும்பிப் போகச் சொன்னால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும் என்றும் கற்பிக்கின்றன. கதவைத் தட்டுவதைப் பற்றி மட்டுமா இது? ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி உண்டு. நபி (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவில் இருந்த துவாரம் வழியாக ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நபியவர்கள் அப்போது கையில் இருந்த இரும்புச் சீப்பால் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் காரணமாகத்தான் என்ற கருத்தில் அந்த மனிதரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். காலடி உள்ளே வருவதற்கு முன்பே கண் உள்ளே வந்துவிடுகிறது என்பதுதான் அங்கே பிரச்சினை. கைப்பேசியின் கேமரா காலடியே இல்லாத கண் அல்லவா?

தமாமில் இருக்கும் கணவர் தம் மனைவியைப் பார்க்கிறார். அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அவர் படுத்திருப்பது ஆறு பேர் தங்கும் அறையில். இங்கே வீட்டுக்குள் அவர் மனைவியோடு அண்ணியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் இருக்கிறார்கள். பிள்ளை உற்சாகத்தில் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு, “அத்தா, பாருங்க, யார் வந்திருக்காங்கன்னு” என்று கூடம் முழுவதும் ஓடுகிறது. அடுக்களையில் தலையில் துணியின்றி வேலையாக இருந்த அண்ணி சட்டென்று திரும்பிக்கொள்கிறார். யாரும் தப்பு நினைக்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. ஆயினும் ஆறு பேர் அறையின் பார்வை ஒரு வீட்டின் அடுக்களை வரை அனுமதியின்றி வந்துபோயிற்று.

சென்ற ஆண்டு நம் தெருவில் ஒரு பெரியவர் வஃபாத்தானார். மூத்த மகன் குவைத்தில். முன்பெல்லாம் தந்தி போய்ச் சேர்ந்து அவர் அழுது முடிப்பதற்குள் இங்கே அடக்கம் முடிந்து மூன்றாம் நாளும் வந்துவிடும். இந்த மகன் திரை வழியாகத் தந்தையின் முகத்தைப் பார்த்தார். குளிப்பாட்டிக் கஃபனிட்டு முகத்தை மூடும் வரை அழைப்பில் இருந்தார். அந்த அழுகையைக் கேட்டவர்கள் எவரும் கைப்பேசியைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் கைப்பேசியைப் பிடித்திருந்த இளைஞர், அண்ணனுக்கு எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில், பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த உள்ளறைப் பக்கம் அதைத் திருப்பிவிட்டார். அங்கிருந்த மூதாட்டி ஒருவர் உரக்கச் சொன்னார்: “கேட்டுட்டுத் திருப்பப்பா. நாங்க அழுதுட்டு இருக்கோம்ல.” இஸ்திஃதான் என்ற பாடத்தை நாம் ஒரு வாரம் நடத்துகிறோம். அந்த அம்மா ஒரே வரியில் நடத்திவிட்டார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளிவாசலும் மக்தபும் மூடப்பட்டபோது, நாமும் இதே வாசலில் நின்றோம். பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியே ஓதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளையின் முகம் தெரிந்த சதுரத்தில், அதன் பின்னால் கொடியில் காயும் துணிகளும் கட்டிலில் உறங்கும் அத்தாவும் தெரிந்தார்கள். இரண்டாம் நாளே எல்லாப் பெற்றோருக்கும் செய்தி அனுப்பினோம்: பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி உட்கார வையுங்கள், வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன் நாம் ஸலாம் அனுப்புவோம், பதில் வந்த பிறகே அழைப்போம். சிலருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. ஆனால் தாய்மார்கள் பலர் நன்றி சொன்னார்கள்.

பார்வைக்கு அடுத்தது தட்டும் முறை. அனுமதி கேட்பது மூன்று முறை. கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும். அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வாசலில் அவ்வாறே மூன்று முறை கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்; ஏன் திரும்பினீர்கள் என்று கேட்கப்பட்டபோது நபிமொழியைச் சொல்லி அதற்குச் சாட்சியும் கொண்டுவந்தார்கள். நம் காலத்தில் எடுக்கப்படாத அழைப்பு பதினேழு என்று திரை காட்டுகிறது. அவள் தொழுதுகொண்டிருந்தாள், அல்லது பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். ஏன் எடுக்கவில்லை என்பதில் தொடங்கும் சண்டை, இரவு பன்னிரண்டுக்கு ஏன் ஆன்லைனில் இருந்தாய் என்பதில் போய் நிற்கிறது. கடைசியாகப் பார்த்த நேரம், நீல நிறக் குறி என்று ஒருவர் மற்றவரைக் கணக்கெடுக்கும் சாதனங்கள் வந்துவிட்டன. துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் ஸூரா அல்ஹுஜுராத்தில் தடுத்திருக்கிறான். அது கணவன் மனைவிக்கு இல்லை என்று விலக்கு எதையும் நாம் படித்ததில்லை. ஊர் ஜமாஅத்தின் முன் வரும் குடும்ப வழக்குகளில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பஞ்சாயத்து மேசையில் சாட்சியாக முதலில் வைக்கப்படுவது எது என்று.

நேரத்துக்கு வருவோம், மக்தப் ஆசிரியருக்கு வலிக்கும் இடம் அதுதான். சவூதி, குவைத், கத்தார் நாடுகளின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி நேரம். அங்கே ஒருவர் வேலை முடித்து, குளித்து, இஷா தொழுது, சமைத்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குக் கைப்பேசியை எடுத்தால் இங்கே பதினொன்றரை. பேசி முடிக்கும்போது நள்ளிரவு கடந்துவிடும். அத்தாவின் முகத்தைப் பார்க்காமல் பிள்ளைகள் படுக்க மாட்டார்கள். அழைப்பு முடிந்ததும் திரை அணைகிறதா என்றால் இல்லை. ஒரு குறுங்காணொளி அடுத்ததைக் கூட்டி வருகிறது.

இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று ஹதீஸில் வருகிறது. குடும்பத்தாரோடும் விருந்தினரோடும் பேசுவதற்கு இதில் இடம் உண்டு என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இமாம் புகாரி அதற்கென்று தனித் தலைப்பே வைத்திருக்கிறார். ஆகவே சபுராளி தம் வீட்டாரோடு இரவில் பேசுவதைக் கூடாது என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. அதே அன்னூர் ஸூராவின் 58 ஆம் வசனம் இன்னொன்றையும் சொல்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் சிறுபிள்ளைகள்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும்: ஃபஜ்ருக்கு முன், ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகலில், இஷாவுக்குப் பின். அந்த மூன்று நேரங்களையும் எண்ணிப் பாருங்கள். எழுந்தவுடன் கண் திறக்கும் முன் கை தேடுவது எதை? பகலில் சாய்ந்திருக்கும்போது நெஞ்சின்மேல் இருப்பது எது? பெற்ற பிள்ளையே கதவைத் தட்ட வேண்டிய நேரங்களில் ஊரும் உலகமும் கட்டில்மேல் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

அதன் கணக்கு காலை ஆறு மணிக்கு நம்மிடம் வந்து சேர்கிறது. பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒன்றேகால் மணி நேரம் ஓதும் வகுப்பு அது. வருகிற பிள்ளைகளில் சிலர் குர்ஆனைத் தாங்கிய ரைஹாலின்மேல் சாய்ந்தே உறங்குகிறார்கள். நம் இளமையில் தூங்கும் பிள்ளைக்கு உஸ்தாதின் பிரம்பு விழும். இப்போது பிரம்பும் இல்லை. தட்டி எழுப்பவும் மனம் வருவதில்லை, அது எந்நேரம் வரை யாருக்காகக் காத்திருந்தது என்று தெரியும் என்பதால்.

மார்க்கப் பேச்சுகள் வீட்டுக்குள் வந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். அதைச் சுருக்கமாகவே சொல்வோம். நல்ல காரிகளின் ஓதலைப் பிள்ளைகள் கேட்டுப் பழகுவது பெரும் நன்மை. நாம் நூறு முறை சொல்லியும் வராத உச்சரிப்பு சிலருக்குக் கேட்டே வந்துவிடுகிறது. அதேநேரம் ஒரே வீட்டில் மூவர் மூன்று பேச்சாளர்களைக் கேட்டுவிட்டு, தொழுகையில் விரலசைப்பது பற்றிச் சாப்பாட்டுத் தட்டின் முன் சண்டையிடுவதையும் பார்க்கிறோம். மூவரில் யாரும் ஃபஜ்ருக்குப் பள்ளிக்கு வருவதில்லை.

முன்பு சொன்ன தமாம் தகப்பனாரின் வீட்டில் அண்மையில் ஒரு மாற்றம் செய்தார்கள். செய்தவர் அந்தச் சிறுமியின் தாயார்தான். பிள்ளை காலையில் எழ முடியாமல் தவிப்பதை நாம் சொல்லியனுப்பியபோது அவர் கணவரிடம் பேசியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் பிள்ளையோடு முகம் பார்த்துப் பேச்சு, அதுவும் அங்கே லுஹர் முடிந்து அவர் ஓய்வாக இருக்கும்போது. மற்ற நாட்களில் இரவு ஒன்பதரைக்குப் பிள்ளையைப் படுக்க வைத்துவிடுகிறார். தகப்பனார் வேலை முடிந்து வந்து மகளுக்கென்று இரண்டு நிமிடக் குரல் செய்தி பேசி அனுப்புகிறார். அழைப்பதென்றால் முதலில் ஸலாம் எழுதுகிறார். பதில் வந்தால் அழைக்கிறார், வராவிட்டால் விட்டுவிடுகிறார். முதல் பத்து நாட்கள் பிள்ளை அழுததாகவும், தகப்பனாரும் அங்கே சரியாகச் சாப்பிடவில்லை என்றும் தாயார் சொல்லியனுப்பினார். ஒருநாள் மனம் தாளாமல் நள்ளிரவில் அழைத்தும் விட்டாராம். தாயார் எடுத்தார், உறங்கும் மகளின் முகத்தை ஒரு நிமிடம் காட்டிவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது அந்தச் சிறுமி ஃபஜ்ருக்குப் பின் முகம் கழுவி, தாயின் கைப்பேசியில் அத்தாவின் இரவுக் குரலைக் கேட்டுவிட்டு மக்தபுக்கு வருகிறாள். சில நாட்களில் அதில் பாடம் பற்றிய கேள்வி இருக்கும். அதன் பதிலை நம்மிடம் கேட்டுக்கொண்டு போகிறாள். ஸூரா அல்முல்க்கில் பாதி முடித்திருக்கிறாள்.