மண்கோட்டை தேடிப் போகும் சாலை

மலைக்கோட்டை பார்க்க வேண்டும் என்றால் செஞ்சிக்கோ திண்டுக்கல்லுக்கோ திருமயத்துக்கோ போவோம். சங்கரன்கோவில் சீமையில் கதை வேறு. இங்கே பாளையக்காரர்கள் மலை உச்சியை நாடவில்லை. சமவெளியில் மண்ணைக் குழைத்துக் கோட்டை எழுப்பி, மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். அதைப் புரிந்துகொள்ள ஒரு சாலை போதும். குருவிகுளத்தில் புறப்பட்டு, கழுகுமலை போய், அங்கிருந்து மேற்கே திரும்பி வாசுதேவநல்லூர் வரை நீளும் சாலை.

குருவிகுளத்தைத் தாண்டினால் கரிசல் காடு. மழையை நம்பி விதைக்கிற மண். அதன் நடுவே திடீரென்று ஒற்றைப் பாறையாகக் கழுகுமலை. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி குடைவரைக் கோயில். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகனைத்தான்.

காலை வெயில் ஏறுமுன் படியேறிவிட வேண்டும். பாறை சுடத் தொடங்கினால் நிற்க முடியாது. மேலே வெட்டுவான் கோயில். 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலையைச் சதுரமாக ஏழரை மீட்டர் ஆழத்துக்கு வெட்டி இறக்கி, நடுவில் விட்ட பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். விமானம் முழுமை. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது.

கூட்டம் பெரும்பாலும் அதோடு இறங்கிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் சமணர் படுக்கைகள். பாறைச் சுவரில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா யட்சி. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்களும் ஊர்களும். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்களுடைய மாணவர்களும் அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் பெண்கள் பாடம் சொன்ன மலை என்று நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் காட்டவேண்டும். விமானம் அப்புறம்.

கழுகுமலையிலிருந்து மேற்கே திரும்பினால் சங்கரன்கோவில். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தால் ஊர் கொள்ளாது. மற்ற நாளில் கோமதியம்மனைக் கும்பிட்டு, புற்றுமண் வாங்கிக்கொண்டு புறப்படலாம். பிடிபட்ட பாளையக்காரர் பூலித்தேவர் இந்தக் கோயிலுக்குள்தான் சோதியில் மறைந்தார் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை.

அவருடைய ஊர் நெற்கட்டும்செவல். 1755இல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஹெரான் படையோடு வந்து கப்பம் கேட்டார். கோட்டைச் சுவரை உடைக்கத் தக்க பெரிய பீரங்கி இல்லாமல் திரும்பிப்போனார். கட்டபொம்மன் தூக்கிலேறியது 1799இல். அதற்கு நாற்பத்து நான்கு ஆண்டு முன்னால் நடந்தது இது. இன்று அங்கே அரசு கட்டிய நினைவு மாளிகை இருக்கிறது. பக்கத்திலுள்ள பச்சேரியையும் பார்க்காமல் வரக்கூடாது. பூலித்தேவரின் படைத்தளபதி ஒண்டிவீரனின் நினைவு அங்கே.

சாலை முடியும் வாசுதேவநல்லூரில்தான் மண்ணின் பலம் தெரிந்தது. 1759 டிசம்பரில் கும்பினிப் படைத்தலைவர் யூசுப்கான் பீரங்கிகளோடு முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. 1761இல் பூலித்தேவரின் கோட்டைகள் யூசுப்கான் கைக்குப் போயின. பிறகு மறுபடி எழுந்த எதிர்ப்பை அடக்க, 1767இல் கும்பினியின் டொனால்டு கேம்பல் வந்தார். குண்டு துளைத்த இடத்தை உள்ளே இருந்தவர்கள் வைக்கோலும் பனைமரமும் கொண்டு உடனுக்குடன் அடைத்தார்கள். கடைசியில் கொட்டும் மழையில் மலைப்பக்கம் தப்பினார்கள். கோட்டையின் எல்லையை அளந்து கல் நட்டு, ஒரு பலகையாவது வைத்தால் வருகிறவர்கள் அந்தச் சுவரின் தடத்திலேயே நடந்து பார்க்கலாம். கருங்கல் கோட்டைக்குக் கொடுக்கிற மரியாதையை மண்கோட்டைக்கும் கொடுக்க வேண்டாமா?

ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் தலையணை என்ற இடம். மழை பெய்த மாதங்களில் ஓடையில் தண்ணீர் இருக்கும். அதற்கு அப்பால் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது.