லினக்ஸ் வைத்திருப்பவரின் புகார்

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் மோடத்தின் முகப்பில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக மினுங்கினால் கண்ணாடி இழை வழியாக வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம், தெருமுனைப் பெட்டியில் இணைப்புக் கழன்றிருக்கலாம். வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாவிட்டாலும் அந்த விளக்கு சிவப்பாகத்தான் எரியும்.

போன மழைக்காலத்தில் என் மோடத்திலும் அது சிவப்பாக மினுங்கியது. அதைச் சொல்லித்தான் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசினேன். "எந்த விண்டோஸ் சார் யூஸ் பண்றீங்க?" என்றார் எதிர்முனையில் இருந்த பெண். விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இயங்குதளம் என்றேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. "சாரி சார், அதுக்கு எங்ககிட்ட சப்போர்ட் இல்ல" என்று திரும்பி வந்தார். புகார் எண்ணாவது கொடுங்கள் என்றேன். ஸ்டார்ட் பட்டனில் தொடங்கும் சோதனைகளை முடிக்காமல் புகாரைப் பதிய முடியாது என்று சொல்லிவிட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய திரையில் கேள்விகள் வரிசை கட்டி நிற்கின்றன, ஒன்றுக்குப் பதில் நிரப்பினால்தான் அடுத்தது திறக்கும். என் வழக்கு அந்தக் கேள்விகளை எழுதி வைத்தவர்களோடு. மின்தடை என்று போன் செய்தால், உங்கள் வீட்டு மிக்ஸி எந்தக் கம்பெனி என்று கேட்டுவிட்டா லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார்?

லினக்ஸ்காரர்களுக்கு இது பழைய வழக்கு. பிராட்பேண்ட் வந்த புதிதில், இணைப்போடு ஒரு சிடியும் கொடுப்பார்கள். அதில் இருக்கும் லாகின் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும். பெரும்பாலான இணைப்புகளுக்கு அந்த சிடி தேவையே இல்லை. அவற்றில் லாகின் செய்வதற்கான பிபிபிஓஇ என்ற முறை 1999-லேயே எல்லோரும் படிக்கும்படி ஆவணமாக வெளிவந்துவிட்டது. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தெரிந்தால் லினக்ஸ் தானே இணைந்துகொள்ளும். அந்த இரண்டையும் வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடும்.

டேட்டா கார்டு காலத்தில் சிக்கல் வேறு மாதிரி. டாங்கிளை லினக்ஸில் செருகினால் மோடமாகத் தெரியாது, ஒரு சிடி டிரைவாகத் தெரியும். உள்ளே விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகள் இருக்கும். விண்டோஸில் அவை நிறுவப்பட்டதும் டாங்கிளுக்கு ஒரு சிறிய கட்டளை போகும், சிடி மறைந்து மோடம் வெளிப்படும். அந்தக் கட்டளையை லினக்ஸில் இருந்து அனுப்புவதற்காக ஜோசுவா டீட்சே என்பவர் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரலை எழுதினார். ஒவ்வொரு மாடலுக்கும் கட்டளை வேறு. உலகம் முழுக்கப் பயனர்கள் தங்கள் டாங்கிளுக்கு எது வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து அனுப்ப அனுப்ப அந்தப் பட்டியல் வளர்ந்தது. டாங்கிளைத் தயாரித்தவர்கள் அட்டைப்பெட்டியில் ஒரே ஒரு வரி அச்சிட்டிருந்தால் இவ்வளவு பேருடைய உழைப்பு மிச்சமாகியிருக்கும். இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இப்போது பிபிபிஓஇ வேலையை ரூட்டரே பார்த்துக்கொள்கிறது. வைஃபை வந்தால் எந்த இயங்குதளத்துக்கும் நெட் வந்துவிடும். அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லாம் ஓடும்வரை தீர்ந்தது, நின்றுபோனால் மறுபடியும் அதே ஸ்டார்ட் பட்டன்.

நாங்கள் கேட்பது லினக்ஸ் தெரிந்த ஆளை அல்ல. என் கம்ப்யூட்டரை நான் பார்த்துக்கொள்கிறேன். இணைப்பு எந்த வகை, பயனர் பெயர், பாஸ்வேர்டு, விலேன் எண், டிஎன்எஸ் முகவரி ஆகியவை ஒரு தாளில் வேண்டும். புகார் வந்தால் முதலில் மோடத்தின் விளக்குகளைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுக்கு வரும் டெக்னீஷியன் தன் லேப்டாப்பை மோடத்தில் செருகிப் பார்க்கட்டும். அதில் நெட் வந்தால் கோளாறு என் பக்கம், வராவிட்டால் உங்கள் பக்கம். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல் இந்தத் தாள் சட்டப்படியான உரிமை. ரூட்டரை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம். இணைப்புக்கு வேண்டிய விவரங்களை, கேட்காமலேயே, இலவசமாக, ஒப்பந்தம் போடும்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இங்கே அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை கையில் இருப்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு குறைதீர் விதிமுறைகள். புகாரைப் பதிந்து டாக்கெட் எண் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. தீர்வு சரியில்லை என்றால் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். புகார் சொல்பவரிடம் விண்டோஸ் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

"உங்களை மாதிரி எத்தனை பேர் சார் இருக்காங்க?" என்று நிறுவனத்தின் கிளை மேலாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைப் பிரிவில் உருவான பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் பயனர் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அந்த மேலாளரின் கணக்கில் நாங்கள் யாருமே இல்லை. ஏன் என்றால், நம்மவர்களில் பலர் போனில் "விண்டோஸ் டென்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதாகச் சொல்லி, கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டு, புகாரைப் பதிய வைத்துவிடுகிறார்கள். அன்றைய வேலை முடிந்துவிடுகிறது. நிறுவனத்தின் பதிவேட்டில் இன்னொரு விண்டோஸ் வாடிக்கையாளர் கூடிவிடுகிறார். இதை மட்டும் செய்யாதீர்கள் என்று லினக்ஸ் நண்பர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். கால் மணி நேரம் கூடுதலாக ஆனாலும் லினக்ஸ் என்றே சொல்லுங்கள். புகார்க் குறிப்பில் அதை எழுதச் சொல்லுங்கள், எழுதினார்களா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெரிய நிறுவனங்கள் அசைய நாளாகும். எங்கள் பகுதி கேபிள்காரர் அப்படி இல்லை. கேபிள் டிவியோடு இப்போது ஃபைபரும் கொடுக்கிறார். அவரிடம் வேலை பார்க்கும் தம்பி என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸைப் பார்த்து, "இதுல எப்படிண்ணா செக் பண்றது?" என்று கேட்டார். கேட்வேக்கு பிங் போட்டுக் காட்டினேன். போனில் படம் பிடித்துக்கொண்டார். இப்போது புது இணைப்பு கொடுக்கும்போது பயனர் பெயரையும் விலேன் எண்ணையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ரூட்டரின் அடியில் ஒட்டிவிடுகிறார்.

எங்கள் குடியிருப்பில், நான் புகார் சொன்ன பெரிய நிறுவனத்தின் இணைப்பு உள்ள வீடுகள் சேர்ந்து, அந்த ஒரு தாளைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். விண்டோஸ் வைத்திருப்பவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பழைய ரூட்டரை மாற்ற நினைக்கிற அவர்களுக்கும் அந்த பாஸ்வேர்டு வேண்டும்.