இலைக் கணக்குக்கு எந்த டேட்டாபேஸ்?

குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ட்கோசர்வ் கூட்டமைப்பில் சேர்ந்த கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் மட்டுமே 16. தனியார் தொழிற்சாலைகள் வேற. இவங்க எல்லாருக்கும் சரக்கும் வேலையும் ஒரே கணக்குதான். காலையில வந்த பச்சை இலை வாடி, அரைபட்டு, புளிச்சு, உலர்ந்து தூளாகுது. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் 4 முதல் 5 கிலோ இலை வேணும். எடை, ஈரக் கழிவு, அன்னிக்கு வந்த தூள், ஏலத்துக்குப் போன மூட்டை எல்லாம் ஒரே சங்கிலியா இணையலைன்னா, இழப்பு எங்கே நடந்ததுன்னு தெரியாது.

எக்செல் போதாதான்னு கேக்கலாம். ஒருத்தர் மட்டும் எழுதுற வரைக்கும் போதும். ஆனா ஒரு எடையை யார் எப்போ மாத்தினாங்கன்னு அது தானா கட்டாயம் பதிஞ்சு வைக்காது. அந்த எண் ஒரு சிறு விவசாயியோட வருமானம்.

கிளவுட் மென்பொருள் சுலபம்தான். ஆனா மழைக்காலத்துல கோத்தகிரி, கூடலூர் பக்கம் சிக்னல் போனா எடை போடுறது நிக்கக் கூடாது. அதனால கொள்முதல் இடத்துல இணையம் இல்லாமலே ஓடுற எஸ்கியூலைட், தொழிற்சாலையில பலர் ஒரே நேரத்துல எழுதக்கூடிய போஸ்ட்கிரெஸ்னு ரெண்டு டேட்டாபேஸ் வெச்சுக்கலாம். ரெண்டுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. அமைச்சுப் பராமரிக்க ஆள் செலவு உண்டு, அதை மறைக்கக் கூடாது.

கிளவுட் மென்பொருளோட மாதச் சந்தாவை நிறுத்தினா பழைய இலைக் கணக்கு முழுசா நம்ம கைக்கு வருமா? விற்க வர்றவங்ககிட்ட இதை யாராவது கேட்டிருக்கீங்களா?