மாட்டுக்கு ஆள் வைத்துவிட்டு, மாமல்லபுரத்தில் ஓர் இரவு!

“கல்யாணமாகி 19 வருஷம் ஆச்சு சார். ஒரு ராத்திரிகூட வெளியூர்ல தங்கினதில்ல. மூணு கறவை மாடு, ஒன்றரை ஏக்கர் நெல். வீட்டுல மாமியாருக்கு முழங்கால் வலி. பிள்ளைங்க மாமல்லபுரம் பார்க்கணும்னு கேக்குதுங்க. ரூம் எடுத்து ஒரு நாள் தங்கிட்டு வரலாமா? எப்ப போகணும், எப்படி ரூம் பார்க்கணும்?”

அச்சிறுபாக்கம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கேள்வி இது. நெல்லுக்கு மேலுரம், மாட்டுக்குத் தீவனம் என்று வரும் கேள்விகளுக்கு நடுவே இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். காரணம், என் அப்பா.

மாமல்லபுரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குள்தான் எங்கள் ஊர். “அறுப்பு முடியட்டும், போலாம்” என்பார் அப்பா. அறுப்பு முடிந்தால் அடுத்த நாற்று. அது முடிந்தால் மாடு கன்று போடும். 71 வயதில் அவர் காலமாகும்வரை அந்தக் கடற்கரையில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. அதனால் இந்த வாசகிக்கு “தாராளமாகப் போய் வாருங்கள்” என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. விவசாயக் குடும்பம் வெளியூரில் நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால், அந்தத் தூக்கத்துக்கான ஏற்பாடு ஓட்டலில் ஆரம்பிப்பதில்லை. வீட்டுத் தொழுவத்தில் ஆரம்பிக்கிறது.

நான் செய்த தப்பு

அட்மா திட்டத்தில் விவசாயிகளைக் கண்டுணர் சுற்றுலாவுக்கு ஐம்பது பேர், அறுபது பேர் என்று பலமுறை அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவந்தவன் நான். ஆனால், பெற்ற தாயை அழைத்துப்போனபோது கோட்டை விட்டேன்.

நான்கு வருஷத்துக்கு முன்பு, ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை. செல்போனில் படத்தைப் பார்த்து, வாடகை குறைவு என்று ஓர் அறையைப் பதிவு செய்தேன். போய் இறங்கினால் அறை மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. அம்மாவுக்கு அப்போது 74 வயது. “இன்னாடா இது, படி ஏறியே உசுரு போயிடும் போலக்குது” என்றவர், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். குளியலறையில் வழவழப்பான டைல்ஸ். வழுக்கியதும் குழாயைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினார், மணிக்கட்டு வீங்கிவிட்டது. ராத்திரி ஒரு மணிவரை பக்கத்தில் பாட்டுச் சத்தம். விடிந்ததும் எதையும் பார்க்காமலேயே கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு பிரச்னை. பக்கத்து வீட்டுப் பையனிடம் கறவையை ஒப்படைத்திருந்தோம். பழக்கமில்லாத கை என்பதால் மாடு சுரப்பு விடவில்லை. இரண்டு வேளையும் மடியில் பால் தங்கி, மடிவீக்க நோய் வந்துவிட்டது. ஒரு வாரம் வைத்தியம் பார்த்தும் ஒரு காம்பு போனது போனதுதான். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற நான் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

மறு வருஷம் பிப்ரவரியில், அந்தத் தப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு மறுபடியும் போனோம். அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தொழுவம், பிறகு வயல்

கறக்கப்போகும் ஆளை நான்கு நாள் முன்பே வரச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்கள் கறக்கும்போது பக்கத்தில் நிற்கட்டும். இரண்டாம் நாள் பாதி நீங்கள், பாதி அவர். அதன் பிறகு முழுவதும் அவரே கறக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். மாடு அந்தக் கையை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று தெரிந்த பிறகு ஊருக்குக் கிளம்புங்கள். பாலை மிச்சம் வைக்காமல் கறக்கச் சொல்லுங்கள். வழக்கமான நேரத்தையும் மாற்ற வேண்டாம்.

கன்று போட மூன்று வாரத்துக்குள் இருக்கும் மாடு, கன்று போட்டுச் சில நாளே ஆன மாடு, உடம்பு சரியில்லாத மாடு வீட்டில் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கலப்புத் தீவனத்தை வேளைக்கு ஒரு பை என்று எடைபோட்டுக் கட்டி வைத்துவிட்டால், வருகிறவர் கூடவோ குறையவோ போட மாட்டார். பக்கத்துக் கால்நடை மருத்துவரின் எண்ணையும், நடமாடும் கால்நடை மருத்துவ வாகனத்துக்கான 1962 என்ற எண்ணையும் தொழுவத்துச் சுவரில் எழுதி வையுங்கள். பால் சொசைட்டியிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வயலைப் பொறுத்தவரை, ஒரே போகம் சம்பா வைப்பவர்களுக்கு அறுவடை முடிந்து களம் காலியான பிப்ரவரி மாதம் தோதானது. நவரை வைத்திருப்பவர்கள் நாற்றங்கால் சமயத்திலும், கதிர் வந்து பூக்கும் சமயத்திலும் போக வேண்டாம். மற்ற நாளில் தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் கிளம்பினால் இரண்டு நாள் தாங்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது நெல்லுக்கு நல்லது என்று நாங்கள் சொல்வதை, நீங்கள் இப்படியும் பயன்படுத்திக்கொள்ளலாம். நிலக்கடலையில் விழுது இறங்கும் சமயத்தில் மண் காயக்கூடாது. அப்போது பயணம் வேண்டாம்.

எந்த நாள் போவது?

சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக் கூட்டம் வந்துவிடும், வாடகையும் ஏறும். காணும் பொங்கல் அன்று நிற்க இடம் இருக்காது. டிசம்பர் கடைசி வாரத்திலும் ஜனவரியிலும் நாட்டிய விழாவும் வெளிநாட்டுப் பயணிகள் வருகையும் சேர்ந்துகொள்ளும். பிப்ரவரியில் ஒரு செவ்வாய், புதன் பாருங்கள். வெயிலும் கடுமையாக இருக்காது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தால் தப்பில்லை; அவர்கள் பார்க்கப்போவதும் பாடம்தான்.

மாசி மகத்தையொட்டி வரும் பௌர்ணமிக்கு இருளர் இன மக்கள் பல ஊர்களிலிருந்தும் இந்தக் கடற்கரைக்கு வந்து, சேலைகளால் கூடாரம் கட்டித் தங்கி, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். அந்த நாளில் அறையும் கடற்கரையும் நெரிசலாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு தேதியை முடிவு செய்யுங்கள்.

அறை பார்க்கும்போது...

தலசயனப் பெருமாள் கோயிலை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று இது. அர்ச்சுனன் தபசு சிற்பம் இதற்குப் பின்னாலேயே இருக்கிறது. கடற்கரைக் கோயிலும் நடந்து போகும் தூரம்தான். இந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும், கடற்கரைக்குப் போகும் ஒத்தவாடைத் தெருவிலும் சின்னச் சின்ன விடுதிகள் நிறைய உண்டு. கடலோரத்தில் அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் தமிழ்நாடு ஓட்டலும் இருக்கிறது. பெரிய சொகுசு விடுதிகள் ஊருக்கு வெளியே இருப்பதால், வாடகையோடு ஆட்டோ செலவும் சேரும்.

படத்தை நம்பாமல், விடுதிக்கே போன் போட்டு இந்த எட்டையும் கேளுங்கள்:

1. தரைத்தளத்தில் அறை உண்டா? இல்லையென்றால் லிப்ட் உண்டா?
2. உட்காரும் வகைக் கழிப்பறையா? குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா?
3. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்?
4. சொல்லும் வாடகை வரி சேர்த்தா, சேர்க்காமலா?
5. கூடுதல் மெத்தைக்குத் தனிக்காசா?
6. வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா? அல்லது மதியம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா?
7. வீட்டில் மாட்டுக்கோ மனிதருக்கோ முடியாமல் போய், வர முடியாவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?
8. கரண்டு போனால் ஜெனரேட்டர் உண்டா? ராத்திரி பக்கத்தில் பாட்டுச் சத்தம் இருக்குமா?

ஆறாவது கேள்வி முக்கியம். சாயங்காலம் 4 மணிக்குப் போய்ச் சேரும் உங்களுக்கு 24 மணி நேரக் கணக்கு என்றால், மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு மாமியார் படுத்து ஓய்வெடுக்கலாம். 12 மணிக் கணக்கென்றால் வெயிலில் மூட்டையோடு நிற்க வேண்டும். பெரியவர்கள் எல்லோருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் முதலில் அறையைப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். அப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள். விதைநெல்லை முளைப்பு பார்த்துத்தானே விதைக்கிறோம்? அறைக்கும் அதே முறைதான். ஒரு மிதியடி, கால் துடைக்கப் பழைய துண்டு, கொசுவர்த்தி, மாமியாரின் மாத்திரை ஆகியவை பையில் மேலாக இருக்கட்டும்.

நமக்குள்ள ஒரு சௌகரியம்

செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சாயங்காலம் போய்ச் சேர்ந்து கடற்கரையில் உட்காருங்கள். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே அலை இழுப்பு அதிகம். கிணற்றில் நீச்சல் பழகிய பிள்ளைகள்தான் கடலையும் அப்படி நினைத்து இறங்கிவிடுவார்கள். அவர்களிடம் ஒரு கண் இருக்கட்டும்.

மறுநாள்தான் நம் ஆட்டம். விடிகாலை 4 மணிக்கு நமக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். மற்ற பயணிகள் எழுந்து வர 8 மணி ஆகும். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் காலை 6 மணிக்கே திறந்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு டிக்கெட் உண்டு. 15 வயதுக்குக் கீழே இல்லை. ராஜசிம்ம பல்லவன் காலத்தில் எழுந்த கடற்கரைக் கோயிலைச் சூரியன் எழும்போது பாருங்கள். பிறகு அர்ச்சுனன் தபசு. கிழக்குப் பார்த்த பாறை என்பதால் காலை வெளிச்சம் நேராக விழும். ஏறத்தாழ 90 அடி நீளப் பாறையில் யானைக் கூட்டத்தைப் பார்த்து நிற்பவர்கள், யானையின் காலடிக்குப் பக்கத்தில் இருக்கும் பூனையைத் தவற விடுவார்கள். இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்யும் அந்தப் பூனையையும், அதை நம்பி நிற்கும் எலிகளையும் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். நம்மைப் போன்றவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் இது. பெருமழையிலிருந்து மாடுகளையும் மக்களையும் காக்கக் கிருஷ்ணன் மலையைத் தூக்கி நிற்கிறான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பால் கறக்கிறார்; பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. அம்மா அதன் எதிரில் வெகுநேரம் நின்றார். அப்புறம் சொன்னார்: “கன்ன நக்க வுட்டுத்தான் கறக்கறான் பாரு. அப்பத்தான் சுரப்பு வுடும். மாடு வச்சிருந்தவன்தான் இத செதுக்கியிருக்கான்.” 1,300 வருஷத்துக்கு முந்தைய சிற்பிக்கு என் அம்மா கொடுத்த சான்றிதழ் அது.

மதியம் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்க்கிறவர்களுக்குக் கிடைக்காதது இந்தத் தூக்கம்தான். அறை எடுத்ததன் பலனே அதில்தான் இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் ஆட்டோ பிடித்து, ஒவ்வொன்றும் ஒரே கல்லில் குடைந்த ஐந்து ரதங்களைப் பார்த்துவிட்டு பஸ் ஏறலாம். நேரம் இருந்தால் வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்குங்கள். மலைக்கோயிலுக்கு ஐநூறுக்கும் மேல் படிகள். மாமியாரோடு நீங்கள் கீழே இருக்கும் பக்தவத்சலேசுவரரைக் கும்பிட்டாலே போதும்.

தலசயனப் பெருமாள் கோயிலில் ஒரு விசேஷம். மற்ற இடங்களில் பாம்பணையில் படுத்திருக்கும் பெருமாள், இங்கே வெறுந்தரையில் படுத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. களத்திலும் வரப்பிலும் வெறுந்தரையில் துண்டை விரித்துத் தூங்கியவர் அவர். அவருக்கு ஒரு ராத்திரி மெத்தை போட்டுக் கொடுத்திருக்கலாம். நான் “அப்புறம் பார்க்கலாம்” என்று விட்டுவிட்டேன்.

வாசகி அம்மா, கறவைக்கு ஆள் சொல்லுங்கள். நாளைக் குறியுங்கள். அறை வாடகை, சாப்பாடு, பஸ், ஆட்டோ, மாடு கறப்பவர் கூலி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, மாதாமாதம் பால் பணத்தில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். அடுத்த அறுப்பு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். அதற்கு அடுத்த அறுப்பு வரைக்கும் தள்ள வேண்டாம். உங்கள் மாமியாரையும் அந்தக் கிருஷ்ண மண்டபத்துப் பசுவின் முன்னால் நிற்க வையுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.