தாங்கும் பொருள் தேயும்போது

சாலையில் ஓடும் காரைக் காண்போர் அதன் பளபளப்பைப் புகழ்வர். ஓட்டுவோர் எஞ்சினின் வலிமையைப் புகழ்வர். எஞ்சினுக்கும் வண்டியின் உடற்கூட்டுக்கும் இடையே கிடந்து, ஒன்றின் அதிர்ச்சி மற்றொன்றைச் சேராதபடி தன்மேல் ஏற்றுக்கொள்ளும் சிறு ரப்பர்க் கட்டையை நினைப்பவர் எவருமிலர். அது பிளந்து ஒலி எழுப்பிய பின்னரே அப்படியொன்று இருந்ததென்பது நம் நினைவுக்கு வருகிறது. குடும்பங்களின் நிலையும் இதுவேயன்றோ?

எங்கள் வீட்டுப் பழைய அம்பாசடர் காருக்குக் கியர் பெட்டியின் மவுண்டிங்கை நாங்களே மாற்றிய ஒரு சனிக்கிழமை இவ்வெண்ணத்தை எங்களுக்குத் தந்தது. நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். குமரி மாவட்டத்தில் ஒரே விளையில் அடுத்தடுத்த இரு வீடுகளில் குடியிருக்கிறோம். கார் தந்தை விட்டுச் சென்றது. ஆதலால் இருவர்க்கும் பொது. ஞானஸ்நானத்திற்கும் மன்றாட்டுக்கும், மருத்துவமனைக்கும் கல்லறைத் தோட்டத்திற்கும் இரு வீட்டாரையும் சுமந்து சென்றது அதுவே. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலக் காரின் மூன்றாம் வரிசையை ஒட்டி, 1950-களின் பிற்பகுதி முதல் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் உருவாகிவந்த அம்பாசடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளைப் பேணுவோர் இன்னும் உளர்.

சில மாதங்களாக அவ்வண்டியில் ஒரு குறை தென்பட்டது. கிளட்சை விட்டு வண்டியை நகர்த்தும் நொடியில் அடியிலிருந்து 'தொம்' என்று ஓர் ஒலி. பின்னோக்கி எடுக்கும்போதும் அதே ஒலி. நின்றிருக்கும் வேளையில் கால்வைக்கும் தரையெல்லாம் நடுக்கம். எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாய்ப் பிணைந்த ஒரே பாரம். முன்புறம் இரு பக்கங்களிலும், பின்புறம் கியர் பெட்டியின் அடியிலும் அப்பாரத்தை ரப்பர் மவுண்டிங்குகள் தாங்குகின்றன. பின்புற ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்துவிட்டால், சக்கரத்திற்குத் திருகுவிசை செல்லும்போதெல்லாம் கியர் பெட்டி எழுந்து இரும்பின்மேல் மோதும். அந்நிலை நீடித்தால் பின் அச்சுக்கு விசை கொண்டு செல்லும் புரொப்பெல்லர் ஷாப்டின் கோணம் மாறி, அதன் இணைப்புகளும் தேயும். முன்புற மவுண்டிங்குகளின்மேலும் மிகைச் சுமை ஏறும். சிறியது ஒன்று சோர்ந்தால் பெரியவை பலவும் சோர்கின்றன.

இதற்குரிய வேலை அரிதன்று, ஆனால் அச்சமுடையது. பாரமான இரும்பின் கீழே ஒருவன் மல்லாந்து படுக்க வேண்டும். எனவே முறைகளைச் சற்றே விளக்குவோம். வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளை வண்டியின் வலுவான பகுதிகளுக்கு அடியில் நிறுத்திய பின்னரே உள்ளே செல்லலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் தலையை வைப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். செங்கல்லும் உதவாது; அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். சைலன்சர்க் குழாய் ஆறியிருத்தல் வேண்டும்.

துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தல் நன்று. பின்னர், மற்றொரு ஜாக்கியின் தலைமேல் தடித்த பலகை ஒன்றை வைத்து, கியர் பெட்டியின் பாரத்தை அது ஏற்கும் அளவிற்கு மட்டும் உயர்த்த வேண்டும். அதற்குமேல் உயர்த்தினால் எஞ்சின் சாய்ந்து குழாய்கள் இழுபடும். அதன்பின் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளையும் மவுண்டிங்கின் நட்டுகளையும் கழற்றிப் பழைய ரப்பரை எடுக்கலாம். புதியதைப் பொருத்தும்போது எல்லா மரைகளையும் முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்ற வேண்டும். விரலுக்கு இணங்காத மரை ஸ்பானருக்கு இணங்குவதாகத் தோன்றினும், உள்ளே அழிந்துபோகும். பாரம் ரப்பரின்மேல் முழுதும் அமர்ந்த பின்னரே இறுதி முறுக்கு. மரை தேய்ந்த போல்ட்டையும், தட்டையாகிப்போன ஸ்பிரிங் வாஷரையும் மீண்டும் போடலாகாது. மிகச் சில ரூபாய்க்காக அவற்றைத் தக்கவைப்பது சிக்கனமாகாது.

பழைய ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தோம். ஒருபுறம் இரும்புத் தகட்டை விட்டுக் கழன்றிருந்தது. மறுபுறம் ஊறிய அப்பம்போல் உப்பிக் குழைந்திருந்தது. கியர் பெட்டியின் பின்புறத்து எண்ணெய்க் கசிவே அதற்குக் காரணம். இயற்கை ரப்பர் பலகாலம் அதிர்வைத் தாங்கும். எண்ணெயை மட்டும் அதனால் தாங்க இயலாது. ஆகவே கசிவை அடைக்காமல் ரப்பரை மட்டும் மாற்றுவது வீண்வேலை. அன்று எண்ணெய் சீலையும் மாற்றினோம்.

நம் மாவட்டத்து வாசகர்களுக்கு ரப்பரைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டுவதில்லை. கோழி கூவுமுன் எழுந்து பால் வெட்டச் செல்லும் கைகள் நம் பங்குகளில் எத்தனை! பட்டையில் கீறிய காயத்தின் வழியே சொட்டுச் சொட்டாய்ச் சிரட்டையில் வடிவது அது. பச்சையாய் இருக்கையில் வெயிலுக்கு இளகும், குளிருக்கு விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதி பெறுகிறது என்பதைச் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் 1839-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். காயத்தில் பிறந்து, நெருப்பில் பதம் பெற்று, பின்னர் வாழ்நாளெல்லாம் பிறருடைய அதிர்ச்சியைத் தாங்குவதே அதன் பிழைப்பு.

இவ்விடத்தில் எங்கள் அன்னையைப் பற்றிச் சொல்லாதிருக்க இயலவில்லை. அம்மா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இரு வீட்டுக்கும் இடையே அவர் நடந்த நடை எங்களில் எவர் கண்ணிலும் பட்டதில்லை. அண்ணன் வீட்டில் எழுந்த வருத்தம் தம்பி வீட்டை அடையும்போது வருத்தமாக இராது. ஒரு கிண்ணம் மீன் குழம்பாக இருக்கும். தம்பி மனைவியின் முணுமுணுப்பு மதினியின் காதுக்குப் போகும்போது பேரப்பிள்ளையின் குறும்புக் கதையாக மாறியிருக்கும். வந்த சொல்லையெல்லாம் தமக்குள்ளே வாங்கி வைத்துக்கொண்டார். அவர் போன பின்னர், சொல் நேரே சொல்லோடு மோதியது. எல்லைத் தென்னையின் தேங்காய், தண்ணீர்க் குழாயின் முறை, பொதுவில் நிற்கும் இந்தக் காரின் செலவு ஆகிய யாவும் ஒலி எழுப்பத் தொடங்கின. இரண்டு மாதங்களாக எங்கள் பேச்சு, தேவைக்கு ஓரிரு சொல் என்று சுருங்கியிருந்தது. வண்டியை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வது என்ற அளவிற்கும் வந்துவிட்டது. விற்கும் முன் ஒலியை நிறுத்தினால் விலை கூடும் என்பதற்காகத்தான் இருவரும் அன்று சேர்ந்து வேலைக்கு இறங்கினோம்.

எங்களில் இளையவர் வண்டியின் அடியில். மூத்தவர் ஜாக்கியின் பிடியில். கடைசி நட்டைக் கழற்றும் வேளையில், "நீ கொஞ்சம் வெளியே வா தம்பி, ஸ்டாண்டை நான் இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறேன்" என்று மேலிருந்து ஒரு குரல். அவர் வண்டியைத் தோளால் தள்ளி அசைத்துப் பார்த்தார், அது அசையவில்லை. "இப்போது போ" என்றார். பல நாட்களுக்குப்பின் எங்களிடையே பிறந்த முதல் அன்புச் சொல் அதுவே. ஒருவன் உயிர் மற்றவன் கையில் இருக்கும்போது, எல்லைத் தென்னையின் தேங்காய் எத்தனை சிறியதாகிவிடுகிறது!

எண்ணெய்க் கறையோடு திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்துகையில், அந்தப் பிய்ந்த ரப்பர் எங்கள் நடுவே கிடந்தது. "அம்மா மாதிரி" என்றார் மூத்தவர். வேறெதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. வண்டியை விற்பதில்லையென்று முடிவாயிற்று. அம்மா இருந்த இடத்தை எவரேனும் ஏற்றாக வேண்டும். ஒருவர்மேல் அச்சுமை முழுவதையும் ஏற்றுவதும் முறையன்று. ஆகவே இரண்டு வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். ஒரு வீட்டில் கேட்ட மனத்தாங்கலை மறு வீட்டுக்குக் கொண்டு செல்லுமுன் ஓரிரவு நம்மிடமே வைத்திருப்பது. பெரும்பாலான மனத்தாங்கல்கள் விடியும்போது இருப்பதில்லை. ஞாயிறு மாலைச் செபமாலையை இரு வீட்டிலும் மாறி மாறிச் சொல்வது. முதல் வாரம் சற்று விறைப்பாகவே இருந்தது. புதிய ரப்பரும் தொடக்கத்தில் விறைப்பாகவே இருக்கும். பாரம் ஏறி அமர அமர இணங்கிவிடும்.

திருக்குடும்பத்தின் தலைவரான புனித சூசையப்பர் பேசிய ஒரு சொல்லைக்கூட நற்செய்தி நூல்கள் நமக்குத் தரவில்லை. அவர் தாங்கினார், நடந்தார், உழைத்தார். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டில் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தியபோது, ஒலியின்றித் தாங்கும் மாந்தர் அனைவர்க்கும் ஒரு பாதுகாவலரைச் சுட்டிக்காட்டினார் என்றே நாங்கள் கருதுகிறோம்.

அன்பு வாசகர்களே! உங்கள் இல்லத்திலும் இருபக்கத்து அதிர்ச்சியையும் ஏற்றுக்கொண்டு நடுவில் கிடப்பவர் ஒருவர் இருப்பார். அவர் மாமியாராக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், மணமாகாத அத்தையாக இருக்கலாம். அவர் பிளந்து ஒலி எழுப்பும்வரை காத்திராதீர்கள். அவர்மேல் சொட்டுச் சொட்டாய்க் கசியும் புறங்கூறலை முதலில் அடையுங்கள். அவர் சுமையில் ஒரு பங்கை இன்றே உங்கள் தோளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தாங்குவோரைத் தாங்கும் குடும்பத்தை ஆண்டவர் தாங்குவாராக.