நான்காம் ஆண்டு

ஆலோசனை கேட்டு வருவோரை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். திருமணம், நிலத் தகராறு, பிள்ளைகளின் படிப்பு என எதைக் கேட்டு வந்தாலும் ஏதேனும் ஒரு விடை சொல்லியே அனுப்புவோம். நமக்குத் தெரியாத பொருளிலும் அவ்வாறு விடை சொல்லி வருகிறோம் என்பதை உணர நமக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. ஒரு பெண்பிள்ளையின் மௌனமும் அதற்குத் தேவைப்பட்டது.

2017ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் இரவு, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்து நம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவள் அங்கு ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாகப் பணிபுரிபவள். மகள் திரைப்படம், தொலைக்காட்சி, அனிமேஷன் ஆகியவற்றில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பை முடித்திருந்தாள். இனி வேலைக்குப் போவாள் என்று பெற்றோர் காத்திருந்த வேளையில், ‘ஆனர்ஸ்’ என்று இன்னும் ஓர் ஆண்டு படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டாளாம். “அவளோடு பள்ளியில் படித்தவர்கள் எல்லாம் கணக்கர் வேலையில் சேர்ந்துவிட்டார்கள், அண்ணே. இவள் பொம்மை செய்து படம் பிடிக்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்” என்றாள்.

நாமும் சொன்னோம். “முதலில் வேலையைத் தேடிக்கொள், அம்மா. மூன்று ஆண்டில் கைவராத திறமையா நான்காம் ஆண்டில் வந்துவிடப் போகிறது?” என்றோம். மறுமுனையில் சற்று அமைதி. பின்பு, “சரி, மாமா” என்றாள். அவ்வளவுதான். அவள் அந்த ஆண்டில் சேர்ந்துவிட்டாள் என்பது பின்னர்த் தெரிந்தது. அதன்பின் எட்டு மாதங்கள், நாம் அழைத்த போதெல்லாம் அவள் தொலைபேசிக்கு வரவில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், விடுமுறையில் தங்கையின் இல்லம் சென்றோம். அங்கு அது குளிர்காலம். மருமகள் விடியுமுன் கிளம்பி இரவில் திரும்பினாள். உணவு மேசையில் அன்பாகவே பேசினாள். ஆனால் தன் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. அந்தப் படிப்பு இன்னதென்று நாம் அறிந்துகொண்டது அவள் தந்தையிடமிருந்தே.

‘ஆனர்ஸ்’ என்றவுடன் பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் பட்டமே நம் நினைவுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் அதன் பொருள் வேறு. மூன்றாண்டுப் பட்டம் முடித்தோரில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள், ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்து இடம்பெறும் தனியான நான்காம் ஆண்டு அது. வகுப்புகள் குறைவு. நெறியாளர் ஒருவரின் துணையோடு, மாணவர் தாமே எழுப்பிக்கொண்ட ஒரு கேள்வியின் பின்னால் ஆண்டு முழுவதும் செல்லவேண்டும். ஆண்டிறுதியில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு, அதன் கீழ்ப்பிரிவு, மூன்றாம் வகுப்பு என நிலை வகுத்துத் தருவார்கள். உயர்ந்த நிலை பெற்றவர் முதுகலை படிக்காமலேயே முனைவர் ஆய்வுக்குச் செல்லவும் வழியுண்டு.

கட்டணத்தைப் பற்றியும் கேட்டோம். 1989 முதல் அந்நாட்டில் ஓர் ஏற்பாடு உள்ளது. அந்நாட்டுக் குடிமக்களான மாணவர்கள் கல்விக் கட்டணத்தை அரசுக் கடனாகப் பெறலாம். வேலைக்குச் சென்று வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பின்னரே வரியோடு சேர்த்துத் திருப்பிச் செலுத்தவேண்டும். வட்டி இல்லை என்றாலும், கடன்தொகை ஆண்டுதோறும் ஒரு குறியீட்டின்படி உயரும். ஆகவே பெற்றோரின் கவலை வீணான கவலையன்று. ஓர் ஆண்டின் ஊதியம் போகிறது, கடனும் ஏறுகிறது. அதை நாம் சிறிதாக எண்ணவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, “உன் வேலையைப் பார்க்க வரலாமா?” என்று நாமே கேட்டோம். தயங்கினாள். பின் அழைத்துச் சென்றாள்.

டிராம் வண்டியில் போகும்போது பேச்சு மெல்லத் தொடங்கியது. மெல்பர்னுக்கும் திரைப்படத்திற்கும் உள்ள பழைய உறவை அவள் சொல்லித்தான் அறிந்தோம். 1900ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் அந்நகர மண்டபத்தில், இரட்சணிய சேனையார் தொடக்ககாலக் கிறிஸ்தவ மறைசாட்சிகளின் வரலாற்றைக் கண்ணாடிப் படவில்லைகளாலும் சிறு சலனப் படங்களாலும் காட்டினார்களாம். 1906இல் அங்குத் திரையிடப்பட்ட ‘கெல்லி கும்பலின் கதை’ என்ற படமே உலகின் முதல் முழுநீளக் கதைப்படமாகக் கருதப்படுகிறது. அவள் வியந்து போற்றிய ஆடம் எலியட் என்பவரும் அந்நகரத்தவரே. 1996இல் அங்குள்ள கலைக் கல்லூரியில் ஓராண்டு அனிமேஷன் பட்டயப் படிப்பின்போது, களிமண் உருவங்களைக் கொண்டு ஒரு மாமாவைப் பற்றி ஆறு நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். பிறவியிலேயே கை நடுக்கம் உள்ளவர். கோணல்மாணலான தம் உருவங்களுக்கு அந்நடுக்கத்தையே அடையாளமாக்கிக்கொண்டார். 2004இல் அவருடைய வேறொரு குறும்படத்திற்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. “எல்லோருக்கும் அப்படிக் கிடைக்காது, மாமா. எனக்கும் தெரியும்” என்று நாம் கேட்குமுன்பே சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் நம் பாவசங்கீர்த்தனத் தொட்டியைவிடச் சற்றே பெரிது. கறுப்புத் திரைகளுக்கு நடுவே ஒரு மேசை, இரண்டு விளக்குகள், அசையாது பொருத்திய ஒரு கேமரா. மேசைமேல் ஒரு சிறிய அறை. அதில் ஒரு சாண் உயரக் கிழவர் தையல் இயந்திரத்தின் அருகே அமர்ந்திருந்தார். உள்ளே கம்பியாலான எலும்பு. அதன்மேல் பிளாஸ்டிசின் என்னும் மெழுகு கலந்த களிமண்ணாலான சதை. இமைகள்கூடத் தனித்தனியே கழற்றி மாட்டக் கூடியவை.

விரலை இம்மியளவு நகர்த்துவாள். ஒரு படம் எடுப்பாள். மீண்டும் நகர்த்துவாள், மீண்டும் ஒரு படம். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இரு சட்டங்களுக்கு நிறுத்தினால் விநாடிக்குப் பன்னிரண்டு நிலைகள். அவள் எடுப்பது நான்கு நிமிடப் படம். கணக்கிட்டால் 2,880 நிலைகள். ஒரு நாள் முழுவதும் உழைத்தால் நான்கைந்து விநாடி முடியும். இடையில் மேசையில் யாரேனும் இடித்துவிட்டால் அந்தக் காட்சியை முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

அந்தக் கிழவரை உற்றுப் பார்த்தோம். சாய்ந்த தோள், நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. அவர் நம் தந்தையார்.

திண்டுக்கல்லில் நாற்பது ஆண்டுகள் தையற்கடை வைத்திருந்தவர் அவர். இறுதி ஆண்டுகளில் நினைவு தவறியது. திண்ணையில் அமர்ந்து, கையில் ஊசியும் நூலும் இல்லாமலேயே காற்றில் தைத்துக்கொண்டிருப்பார். ஒன்பது வயதில் விடுமுறைக்கு வந்திருந்த மருமகள் அதைப் பார்த்திருக்கிறாள். நாமும் பார்த்தோம். பங்குப் பணிகளுக்கிடையே மாதம் ஒருமுறை வந்து, பத்து நிமிடம் அமர்ந்து, ‘பாவம், அறிவு மங்கிவிட்டது’ என்று எண்ணித் திரும்பினோம்.

விளக்கருகே தட்டச்சுத் தாள்களின் கட்டு ஒன்று கிடந்தது. அதன் தலைப்பில் இருந்த ஒரு சொல் நம்மைத் திடுக்கிட வைத்தது: எக்ஸிஜீசிஸ். குருமடத்தில் விவிலிய வகுப்புகளில் ஆண்டுக்கணக்காகப் பயின்ற சொல் அல்லவா! “இது இங்கே எப்படி வந்தது?” என்று கேட்டோம். படம் மட்டும் போதாதாம். அப்படம் எந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது, முன்னோர் செய்தவற்றோடு அதற்கு என்ன உறவு, செய்யும்போது எதைக் கண்டறிந்தாய் என்று விளக்கி எழுதவும் வேண்டும். படைப்புக் கலைகளின் ஆய்வில் அவ்வெழுத்துக்கு அந்நாட்டில் வழங்கும் பெயர் அது.

கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு, உள்ளிருப்பதை வெளியே கொண்டுவந்து விளக்குதல் என்று பொருள். அதற்கு எதிரான சொல்லும் உண்டு: ஐஸிஜீசிஸ். வாசிப்பவர் தம் கருத்தை நூலுக்குள் திணிப்பது. முதலாவதைச் செய்க, இரண்டாவதைத் தவிர்க்க என்று குருமாணவராக இருந்தபோது எத்தனை முறை கேட்டிருப்போம்!

தாள்களைப் புரட்டினோம். முதல் வரைவில் அவள், ‘நோயினால் செயலிழந்த ஒரு மனிதரின் அவலம்’ என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் நெறியாளர் பென்சிலால் கேட்டிருந்தார்: அவலம் என்பது படத்தில் எங்கே உள்ளது? அவர் முகத்தில் நான் அதைக் காணவில்லையே?

“அதன்பின் இரண்டு வாரம் வேலை ஓடவில்லை, மாமா” என்றாள். “எடுத்த காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தாத்தா தைக்கும்போது வருத்தமாகவே இல்லை. யாருக்கோ தைத்துக்கொண்டிருக்கிறார். யாருக்கென்றுதான் தெரியவில்லை. உங்களைக் கேட்கலாம் என்று பலமுறை நினைத்தேன்.” அதற்குமேல் சொல்லவில்லை. கேட்காததன் காரணத்தை நாம் அறிவோம்.

தந்தையாரைப் பத்து நிமிடம் பார்த்து நம் பொருளை அவர்மேல் ஏற்றினோம். இப்பெண்ணையோ பார்க்காமலேயே ஏற்றினோம். “நான்காம் ஆண்டில் திறமை வருமா என்று கேட்டேனே, அம்மா, அது தெரியாமல் சொன்ன வார்த்தை. என்னை மன்னித்துக்கொள்” என்றோம். அவள் தலை குனிந்து களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். பின்பு, “தாத்தா துணியை எப்படிப் பிடிப்பார் என்று காட்டுங்கள்” என்றாள்.

அமர்ந்து காட்டினோம். இடக்கையால் துணியை இழுத்துத் தொடையில் அழுத்துவார். ஊசியைத் தம்மை நோக்கியே வாங்குவார். ஒவ்வொரு தையலுக்கும் உதடு சற்றே குவியும். நம் கைகளுக்கு இத்தனை நினைவிருக்கும் என்று நாம் எண்ணியதில்லை. அவள் அதைக் காணொளியாகப் பதிவுசெய்துகொண்டாள். அனிமேஷன் செய்வோர் அசைவை இவ்வாறு முன்னதாகப் பதிந்து, சட்டம் சட்டமாகப் பார்த்துக் கற்பது வழக்கமாம். தைத்துக்கொண்டிருந்தபோதே நமக்கு நினைவு வந்தது. அந்த இழுப்பும் அழுத்தமும் சட்டைக்கானவை அல்ல. நாம் குருமடம் சேர்ந்தபோது இரவெல்லாம் விழித்து அவர் கையாலேயே தைத்துத் தந்த வெள்ளை அங்கியின் ஓரத் தையல் அது. அதை அவளிடம் சொன்னோம். குரல் சரியாக எழவில்லை.

நவம்பரில் படம் முடிந்தது. அவளுக்கு முதல் வகுப்பு கிடைக்கவில்லை. இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு கிடைத்தது. எழுத்துப் பகுதி இன்னும் ஆழ்ந்திருக்கலாம் என்றார்களாம். விருது எதுவும் வரவில்லை. ஏழு மாதம் கழித்துச் சிறுவர் தொலைக்காட்சிக்குப் படம் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. ஆண்டிறுதித் திரையிடலுக்குச் சென்று வந்த தங்கை அன்றிரவே அழைத்தாள். “அப்பா கையேதான், அண்ணே” என்று மட்டும் சொல்லி அழுதாள்.

இப்போது பெற்றோர் யாரேனும் இத்தகைய கேள்வியோடு வந்தால், ‘படிக்கட்டும்’ என்றும் சொல்வதில்லை, ‘வேண்டாம்’ என்றும் சொல்வதில்லை. வேலை தேட அஞ்சி ஓராண்டைத் தள்ளிப்போடுவோர்க்கு அந்த ஆண்டு உதவாது, கடன்தான் மிஞ்சும். ஓராண்டு சுமக்கத்தக்க ஒரு கேள்வி பிள்ளையிடம் உண்டா, அதைப் பொறுமையோடு கேட்கும் நெறியாளர் அங்கு உண்டா, கடனையும் செலவையும் குடும்பம் கலந்து பேசியதா என்று விசாரிக்கிறோம். அதற்கும் முன்னதாக, “பிள்ளை செய்ததை நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்கிறோம். பெரும்பாலோர் இல்லை என்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைக்கிறோம்.

அந்த நான்கு நிமிடப் படம் நம்மிடம் ஒரு குறுந்தகட்டில் இருக்கிறது. இறுதிக் காட்சியில் கிழவர் இல்லாத நூலைப் பல்லால் கடித்து அறுத்து, இல்லாத அங்கியை உதறி மடித்து, யாரோ ஒருவரிடம் நீட்டுகிறார். வாங்கிக்கொள்பவரின் கை மட்டும் திரையின் ஓரத்தில் தெரிகிறது. அது யாருடைய கை என்று மருமகளை நாம் கேட்டதில்லை.