பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் ஒரு டாக்டர்

பழைய பிளஸ் டூ கணக்குப் புக்ல, வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்துல ஒரு டாக்டர் வருவார். 2019-க்கு முன்னாடி பரீட்சை எழுதினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுக்காக அவருக்கு இறந்த நேரம் தெரியணும். காலை 10 மணிக்கு உடம்பு சூடு 93.4 டிகிரி பாரன்ஹீட். 2 மணி நேரம் கழிச்சு 91.4. அறை வெப்பம் மாறாம 72. உயிரோட இருந்தப்போ 98.6. எத்தனை மணிக்கு இறந்தார்?

இப்போ இருக்கிற புக்ல டாக்டரைத் தூக்கிட்டு ஒரு துப்பறிவாளரைப் போட்டிருக்காங்க. ராத்திரி 8 மணிக்கு 70 டிகிரி, 10 மணிக்கு 60, அறை 50. அறை 50 பாரன்ஹீட்னா 10 செல்சியஸ். கொலை ஊட்டியில நடந்திருக்கும் போல!

இந்த ரெண்டு கணக்கையும் போன மாசம் ஒரு பையனோட உட்கார்ந்து போட்டேன். திருத்தணி பக்கம், பிளஸ் டூ, பயோ-மேத்ஸ். அவங்க அப்பா பிணவறையில வேலை பார்க்கிறவர். பையன் இந்த மாதிரி வாக்கியக் கணக்கு எல்லாத்தையும் சாய்ஸ்ல விட்டுட்டு வர்றான், கொஞ்சம் பாருங்க சார்னு அவர்தான் கேட்டார். வீட்ல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ் மீடியம். (1960 ஏப்ரல் 1 வரைக்கும் இந்த ஊரே சித்தூர் மாவட்டத்துல தானே இருந்துது.) கணக்கைத் தமிழ்ல படிப்பான், பெருக்கும்போது மட்டும் வாய் தெலுங்குக்குப் போயிடும்.

விஷயம் ரொம்ப எளிது. சூடு குறையற வேகம், உடம்புக்கும் அறைக்கும் இருக்கிற வித்தியாசத்துக்கு நேர்விகிதம். நியூட்டன் விதி. அதனால எல்லாத்துலயும் 72-ஐக் கழிச்சுடணும். 93.4 இப்போ 21.4. 91.4 இப்போ 19.4. 98.6 இப்போ 26.6. 2 மணி நேரத்துல 21.4 வந்து 19.4 ஆகுதுன்னா, 26.6 வந்து 21.4 ஆக எவ்வளவு நேரம்? தொகையிட்டு மடக்கை போட்டா 4 மணி 26 நிமிஷம். அதாவது விடிகாலை 5.34.

பையன் விடைக்குக் கீழ கோடு போட்டுட்டான். நான் விடலை. "தம்பி, தெர்மாமீட்டர்ல ஒரு சின்ன கோடு தப்பாப் படிச்சிட்டா என்ன ஆகும்? ரெண்டாவது அளவை 91.6-னு வெச்சுப் போடு."

போட்டான். 5.03. வெறும் 0.2 டிகிரிக்கு அரை மணி நேரம் நகர்ந்துடுச்சு.

"சரி, சாகும்போது அவருக்கு 101 ஜுரம் இருந்துதுன்னா?"

இதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. 6 மணி 12 நிமிஷம் முன்னாடி. அதாவது 3.48. பையன் பேனாவை வெச்சுட்டு, "அப்போ 4 மணிக்கு பஸ் ஏறிட்டேன்னு ஒருத்தர் டிக்கெட் காட்டினா, அவர் தப்பிப்பாரா மாட்டாரா சார்?"னு கேட்டான்.

அதான் கேள்வி. 5.34-னா தப்பிப்பார். 3.48-னா உள்ள போவார். கணக்கு ரெண்டுலயும் தப்பு இல்லை.

இதுல புக் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. இறந்த உடனே உடம்போட உள்சூடு இறங்காது. முதல்ல தோல் ஆறணும், அப்புறம் தான் உள்ள இருக்கிற சூடு வெளிய வரும். அரை மணி, ஒரு மணி, சில சமயம் அதுக்கும் மேல சூடு அப்படியே நிக்கும். நியூட்டன் விதிக்கு முழுப் பொருளும் ஒரே சூட்டுல இருக்கணும். மனுஷ உடம்பு அப்படி இல்லை. 1962-ல மார்ஷல், ஹோர்னு ரெண்டு பேர் இதுக்காக ஒரு அடுக்குக்குறிக்குப் பதிலா ரெண்டு போட்டாங்க. அதை வெச்சு ஜெர்மனியில ஹென்ஸ்கே ஒரு அட்டவணைப் படமே போட்டார். உடம்பு எடை, துணி, காத்து எல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டும், நல்ல சூழ்நிலையிலயே 2.8 மணி நேரம் முன்ன பின்ன ஆகலாம். தடயவியல்ல உடம்பு சூட்டை வெச்சு நேரம் சொல்ற முறைகள்ல நல்லதுன்னு பேர் வாங்கினதே இவ்வளவு தான்.

இதையெல்லாம் பேசிட்டு இருக்கும்போது அவங்க அப்பா டீ எடுத்துட்டு வந்தார். ஒரு நிமிஷம் கேட்டுட்டு, "மே மாசத்துல நம்ம ஊர்ல பாடி எங்க சார் ஆறுது?"ன்னார்.

நான் சிரிச்சிட்டேன். ஆனா பையன் சிரிக்கலை. அறை 98.6-னு வெச்சுப் பார்த்தான். கழிச்சா எல்லாமே பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுக்கச் சொல்லுது. எப்போ இறந்திருந்தாலும் தெர்மாமீட்டர் அதே 98.6 தான் காட்டும். நேரமே சொல்ல முடியாது. அறை 104-னு போட்டான். வெயில் காலத்துல செய்தியில வர்ற திருத்தணி அளவு அது, 40 செல்சியஸ். இப்போ சமன்பாட்டுப்படி உடம்பு சூடு ஏறுது! விதி உடையலை, குறி மட்டும் மாறுது. தொகையிடறப்போ வர்ற மட்டுக்குறி எதுக்குன்னு ரெண்டு வருஷமா அவனுக்குப் புரியலையாம். அன்னைக்குப் புரிஞ்சுதுன்னான். நான் சொல்லிக் கொடுத்தது இல்லை அது. அண்ணன் டீயோட கொண்டு வந்தது.

எங்க ரிப்போர்ட்ல "பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்" மாதிரி எழுதறோம். என்ன டாக்டர், இவ்வளவு இழுக்கறீங்கன்னு கோர்ட்டுல வக்கீல் கேட்பார். சொந்தக்காரங்களும் கேட்பாங்க. பல உடல்கள் ஃப்ரீசர்ல இருந்துட்டுத்தான் டேபிளுக்கே வரும், அங்க சூட்டை அளந்து பிரயோஜனம் இல்லை. விறைப்பு, ரத்தம் தேங்கின நிறம், வயித்துல இருக்கிற சாப்பாடு, கடைசியா யார் பார்த்தாங்க, எல்லாத்தையும் சேர்த்துத்தான் சொல்றோம். 5.34-னு சொல்ற டாக்டரை நம்பாதீங்க.

பரீட்சையில மட்டும் 5.34 எழுதுப்பான்னு சொல்லி அனுப்பினேன். இப்போ உப்புத் தண்ணித் தொட்டிக் கணக்குல நிக்கறோம். ஐசியூல ட்ரிப் வழியா மருந்து ஏத்தறதும் கிட்டத்தட்ட அதே சமன்பாடு தான். அது இன்னொரு த்ரெட்ல.